மோதியவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லை: என் ஃபுல் கவர் பாலிசி எந்த அளவுக்குக் கைகொடுத்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபுல் கவர் பாலிசிக்கு இத்தனை வருஷம் பணம் கட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை. பணம் கொடுக்கும் விஷயத்தில் கம்பெனி ஒழுங்காக நடந்துகொண்டது, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் அருமையாக வேலை செய்தார், ஒர்க்‌ஷாப் பரவாயில்லை. ஆனால் தப்பு செய்தவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கும் வேலையில் கம்பெனி காட்டிய மெத்தனம் இருக்கிறதே, அதை மன்னிக்க முடியவில்லை. கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே மாதிரி ஒரு நிலைமை வந்தால் பாலிசியின் எந்தப் பகுதி காப்பாற்றும், எந்தப் பகுதியில் நாமே இறங்கி வேலை செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் போதும், அதற்காகத்தான் இந்த விமர்சனம்.

நடந்தது இவ்வளவுதான். சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் காரின் பின்னால் இன்னொரு கார் வந்து இடித்தது. யார் தப்பு என்பதில் வாக்குவாதமே இல்லை. இறங்கி வந்தவர் தன்மையாகத்தான் பேசினார். "அண்ணே, இன்ஷூரன்ஸ் முடிஞ்சு போச்சுண்ணே, ரினியூ பண்ணல. போலீசு கேசுன்னு போக வேணாம். நீங்க வண்டிய ரெடி பண்ணுங்க, எவ்வளவு ஆகுதோ நான் குடுத்துடுறேன்" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் எவ்வளவு ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எஸ்டிமேட் வந்த பிறகும் அதே வார்த்தையில் நிற்பவர்கள் குறைவு.

அதனால் அங்கேயே எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். இரண்டு வண்டியும் நம்பர் பிளேட்டோடு ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒன்று, அவருடைய லைசென்ஸ், காலாவதியான இன்ஷூரன்ஸ் பேப்பர், ரோட்டில் கோடு தெரிகிற மாதிரி ஒன்று. போலீசிலும் பதிவு செய்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தானாகவே தன் நம்பரைக் கொடுத்தார், அது பின்னால் ரொம்ப உதவியது. இன்ஷூரன்ஸ் இல்லை என்று எதிராளி சொன்னாலும் வண்டி நம்பரைப் போட்டு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இந்தியாவில் அரசின் பரிவாகன் தளத்தில் பார்க்கலாம், பிரிட்டனிலும் இதற்கு ஆன்லைன் சேவை இருக்கிறது. ஓட்டியவருக்கே தெரியாமல் வண்டி உரிமையாளர் பாலிசியைப் புதுப்பித்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்துவிட்டால் உங்கள் பாலிசியைத் தொடாமலே அவர்கள் பக்கத்து இன்ஷூரன்ஸில் கேட்கலாம். என் விஷயத்தில் நிஜமாகவே இல்லை.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். "உங்ககிட்ட தேர்டு பார்ட்டி இருக்கே, அதுல கிளெய்ம் பண்ணுங்க" என்று என் மைத்துனரே சொன்னார். நம்முடைய தேர்டு பார்ட்டி, நாம் அடுத்தவருக்குச் செய்த சேதத்துக்கு. நமக்கு அடுத்தவர் செய்த சேதத்துக்கு அவருடைய தேர்டு பார்ட்டிதான் தர வேண்டும், அது அவரிடம் இல்லை. மீதி இருப்பது நம் பாலிசியில் இருக்கும் ஓன் டேமேஜ் பகுதி, அதாவது நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி மட்டும். இந்தியாவில் வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு, இடித்தவரின் நல்ல மனசும் கோர்ட்டும்தான் கதி.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவது குற்றம்தானே, சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146வது பிரிவு இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது, பிரிட்டனில் 1930லிருந்தே கட்டாயம். ஆனால் அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது, நம் பம்பருக்கு வருவதில்லை. பிரிட்டனில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து 1946இல் தொடங்கிய மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ என்ற அமைப்பு இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இல்லாதவர் செய்த வண்டிச் சேதத்துக்கும் அங்கே கேட்கலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. நியூ ஹாம்ப்ஷயரில் எல்லோரும் இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டமே இல்லை. வேறு பல மாநிலங்களில் இன்ஷூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் வண்டிச் சேதத்துக்கென்றே தனி கவர் விற்கிறார்கள், கலிஃபோர்னியாவில் அதன் உச்சவரம்பு 3,500 டாலர், அதுவும் இடித்த வண்டி எது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் இடித்துவிட்டு ஓடியவர்களுக்கான அரசு நிவாரணத் திட்டம் உயிரிழப்புக்கும் பலத்த காயத்துக்கும்தான், வண்டிக்கு இல்லை. எந்த நாட்டில் இருந்தாலும் நம் பாலிசியை எடுத்து ஒரு தடவை முழுசாகப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது சர்வேயர். இந்த முழு அனுபவத்திலும் என் மனசில் நிற்பவர் அவர்தான். என் கார் பார்க்கப் பெரிதாக ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருந்தது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அடி வாங்கி உள்ளே போய் மறுபடி வெளியே வந்து பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது, மேலே கொஞ்சம் கீறலும் ஒரு ஓரத்தில் கிளிப் விட்டதும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வந்தவர் பம்பரைப் பார்க்கவே இல்லை. முதலில் டிக்கி கதவை மூடித் திறந்து பார்த்தார். அப்புறம் இரண்டு பக்கமும் டெயில் லேம்புக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விரலை வைத்தார். ஒரு பக்கம் விரல் நுனி போனது, மறுபக்கம் நகம்கூட நுழையவில்லை. "சார், இது வெறும் பம்பர் வேலை இல்லை, பிரிச்சுப் பார்க்காம நான் எஸ்டிமேட்ல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். டிக்கியில் கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்துவிட்டு, அந்தக் குழியில் டார்ச் அடித்துக் காட்டினார். தகடு அலை அலையாக மடிந்து, இணைப்பில் பூசியிருந்த சீலன்ட் வெடித்திருந்தது. பம்பரைக் கழற்றியதும் உள்ளே இருந்த இரும்பு பார் ஒரு பக்கமாக வளைந்து, அதைத் தாங்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று நசுங்கி இருந்தது. அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளத்தான் அந்தப் பாகங்கள் இருக்கின்றன, ஒருமுறை நசுங்கினால் மாற்றியே ஆக வேண்டும். நிமிர்த்திப் போட்டால் அடுத்த அடி நேராகப் பாடிக்குப் போகும்.

ரோட்டிலேயே ஒரு தொகையைப் பேசி முடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. பம்பர் பெயின்டிங்குக்கு ஆகும் காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், தகடு மடிந்தது அப்படியே இருக்கும், சீலன்ட் விட்ட இடத்தில் தண்ணீர் இறங்கித் துருப் பிடித்த பிறகுதான் தெரியவரும். முழுத் தீர்வு ஆகிவிட்டது என்று ஒரு துண்டுப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம். இடித்தவரிடம் கேட்கும் நம்முடைய உரிமைதான் பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறது. அந்த உரிமையை நாமே விட்டுக் கொடுத்துவிட்டால், அதையே காரணம் காட்டி நம் கிளெய்மையும் கம்பெனி மறுக்கலாம். அதனால் கம்பெனிக்குச் சொல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சரி.

ஒர்க்‌ஷாப் விஷயம். டிங்கரிங் வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயின்ட்டும் நன்றாகவே ஒத்துப்போனது, மெட்டாலிக் கலர் என்பதால் பக்கத்துப் பேனலிலும் கொஞ்சம் இழுத்துக் கலந்து அடித்திருந்தார்கள், வெயிலில் நிறுத்திப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. (ஷெட் வெளிச்சத்தில் பார்த்து வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள், வெளியே கொண்டு வரச் சொல்லுங்கள்.) எனக்குப் பிடிக்காதது சென்சார் விஷயம். பின் பம்பரின் இரண்டு மூலைகளுக்கும் உள்ளே, பக்கவாட்டில் வரும் வண்டியைக் காட்டும் ரேடார் இருக்கிற கார் என்னுடையது. அந்த இடத்தில் பம்பரில் பட்டி வைத்தோ தடிமனாகப் பெயின்ட் அடித்தோ சரிசெய்தால் ரேடார் தப்பாகக் காட்டும் வாய்ப்பு உண்டு, பிராக்கெட் கொஞ்சம் திரும்பி இருந்தாலும் அப்படித்தான். வேலை முடிந்ததும் ஸ்கேன் செய்து காலிபரேட் செய்தீர்களா, அதாவது ரேடார் சரியாகக் காட்டும்படி அளவு சரிசெய்தீர்களா என்று கேட்டால், "வார்னிங் லைட் எதுவும் எரியலையே சார்" என்று பதில் வந்தது. லைட் எரியாததை வைத்து எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. நான் வற்புறுத்திய பிறகுதான் செய்தார்கள், ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள். கேட்காமலே செய்ய வேண்டிய வேலை இது, உயிர் சம்பந்தப்பட்டது.

பணம். பழுதான பாகங்களுக்குப் பெரும்பகுதியைக் கம்பெனி நேராக ஒர்க்‌ஷாப்புக்கே கொடுத்துவிட்டது, பிரித்த பிறகு கூடுதலாக வந்த எஸ்டிமேட்டையும் சர்வேயர் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் என்ற கூடுதல் கவரைச் சேர்த்திருந்ததால் தேய்மானம் என்று எதையும் பிடிக்கவில்லை. அது இல்லையென்றால் இந்தியாவில் சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துவிடுவார்கள், பின்பக்கம் இடி வாங்கும் காரில் முதலில் போவது பிளாஸ்டிக்தான். டிடக்டிபிள், அதாவது கிளெய்மில் நாமே கட்ட வேண்டிய பங்கு மட்டும் என் கையிலிருந்து போனது. சிக்னலில் சும்மா நின்றவன் ஏன் அதைக் கட்ட வேண்டும் என்று கேட்டேன், பாலிசி அப்படித்தான் என்றார்கள்.

அதைவிட வலித்தது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி போனது. யார் தப்பு என்று அது பார்ப்பதில்லை, கிளெய்ம் எடுத்தாயா இல்லையா என்றுதான் பார்க்கிறது. இந்தியாவில் 20 சதவீதத்தில் தொடங்கி வருஷா வருஷம் ஏறி 50 வரை போகும், ஒரு ஓன் டேமேஜ் கிளெய்ம் எடுத்தால் அடுத்த ரினியூவலில் பூஜ்யம். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் கவர் வைத்திருந்தால் தப்பிக்கலாம். பிரிட்டனில் சில பாலிசிகளில் இதற்கென்றே ஒரு நல்ல ஷரத்து வைத்திருக்கிறார்கள், இடித்தவர் இன்ஷூரன்ஸ் இல்லாதவர் என்றும் தப்பு உங்களுடையது இல்லை என்றும் நிரூபணமானால் போனஸும் போகாது, எக்ஸஸும் (டிடக்டிபிளை அங்கே இப்படிச் சொல்கிறார்கள்) திரும்ப வரும். இந்த மாதிரி ஒன்றை எல்லாக் கம்பெனியும் சாதாரண பாலிசியிலேயே வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒழுங்காக ஓட்டுகிறவனுக்கு அதுதான் நியாயம்.

கடைசியாக, நான் முதலில் சொன்ன மெத்தனம். கிளெய்ம் முடிந்ததும் கம்பெனி ஃபைலை மூடிவிட்டது. கையெழுத்து வாங்கிய பேப்பரிலேயே எதிராளியிடம் வசூலிக்கும் உரிமையை என்னிடமிருந்து எழுதி வாங்கியிருக்கிறார்கள், ஆனால் அவரிடம் கேட்டீர்களா என்று போன் செய்தால் எடுத்தவருக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியவில்லை. "சார், உங்களுக்கு செட்டில் ஆயிடுச்சே, இன்னும் என்ன சார்?" என்றார். எனக்கு ஆகிவிட்டது, இடித்தவருக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. போட்டோ, போலீஸ் பதிவு, சாட்சி நம்பர் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி சும்மா இருந்தால், இன்ஷூரன்ஸ் எடுக்காமல் ஓட்டுவதுதான் லாபம் என்று ஆகிவிடாதா? போனை விட்டுவிட்டு எழுத்தில் கேட்க ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் அசைந்தார்கள். என் டிடக்டிபிள் தொகையை மட்டும் நானே அவரிடம் கேட்டுக்கொள்ளலாமா என்று மின்னஞ்சலில் கேட்டேன், கேட்கலாம் என்று மின்னஞ்சலிலேயே பதில் வந்தது. அந்த மனிதர் தவணையாகக் கொடுத்துவிட்டார், அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ரசீதில் "இது டிடக்டிபிள் தொகைக்கு மட்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உரிமை எதுவும் இதில் விடப்படவில்லை" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கம்பெனி தன் பங்கை வசூலித்ததா என்று கேட்டால் இன்றுவரை "பிராசஸில் இருக்கிறது" என்ற பதில்தான்.

மதிப்பெண் போடச் சொன்னால் சர்வேயருக்கு ஐந்துக்கு ஐந்து, பணம் கொடுத்த விதத்துக்கு நான்கு, ஒர்க்‌ஷாப்புக்கு மூன்றரை, வசூல் பிரிவுக்கு ஒன்று. ரினியூவல் வரும்போது இதே கம்பெனியில்தான் தொடரப் போகிறேன், ஜீரோ டெப்போடு போனஸ் பாதுகாப்பையும் சேர்த்து. பழைய வண்டிதானே, தேர்டு பார்ட்டி மட்டும் போதுமே என்று யோசிக்கிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்: நாளைக்கு இன்ஷூரன்ஸ் இல்லாத ஒருத்தர் இடித்து வண்டி முழுசாகப் போய்விட்டால், கையிலிருந்து பணம் போட்டு இன்னொரு வண்டி வாங்க முடியுமா? முடியும் என்றால் சரி, முடியாதென்றால் ஓன் டேமேஜ் கவரை விடாதீர்கள்.