தே மாவோரியா, ஓசியானியாவா?

பசிபிக் தீவுகளின் கலைக்குள் நுழைய ‘தே மாவோரி’, ‘ஓசியானியா’ என்ற இரண்டு கண்காட்சிகளில் எதைப் பற்றி முதலில் படிக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் ‘தே மாவோரி’ என்பேன். 1984 செப்டம்பரில், விடியற்காலைச் சடங்கோடு, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பெரியவர்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார்கள். 174 பொருட்கள், அவற்றைக் கடல் கடந்து கொண்டுபோகக் குலத்தாரிடம் சம்மதம் கேட்டுத்தான் எல்லாமே நடந்தது, அதற்காக முன்நின்று உழைத்த ஹிரினி மோகோ மீடும் ஒரு மாவோரி அறிஞர்.

2018-இல் லண்டன் ராயல் அகாடமியில் நடந்த ‘ஓசியானியா’ வேறு மாதிரி. அதை அமைத்த பீட்டர் பிரண்ட், நிக்கோலஸ் தாமஸ் இருவரும் பசிபிக் முழுவதையும் சுமார் 200 படைப்புகளில் கொண்டுவந்தார்கள். பழைய பொருட்களில் பல ஐரோப்பியச் சேகரிப்புகளில் இருந்தவை.

ஆனால் ஒன்று. தே மாவோரியில் செதுக்கு வேலைதான், பெண்களின் நெசவுக்கு இடமே இல்லை, அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஓசியானியாவிலோ, நாம் மழைக்கு மூடுகிற அதே நீலத் தார்ப்பாயை நான்கு மாவோரிப் பெண்கள் மடித்து மடித்துத் தைத்து, 11 மீட்டர் நீளத்துக்குக் கடலாகவே தொங்கவிட்டிருந்தார்கள். அதற்காகவே அடுத்து இதையும் தேடிப் படியுங்கள்.