‘வேரும் இலையும் மட்டும்தான்’ என்று விற்ற கறுப்பு மாத்திரை

அம்மாவுக்கு வயது 67. இளமையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்த உழைப்பெல்லாம் இப்போது முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது. சென்ற ஆண்டு, கோயிலில் பழக்கமான ஓர் அக்கா, மலேசியாவில் ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கே வந்து ஒரு பாட்டிலைக் கொடுத்தார். மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு உருண்டைகள். 60 உருண்டை, 45 வெள்ளி (ரிங்கிட்). “வேரும் இலையும் மட்டும்தான் தம்பி, கெமிக்கல் ஒன்றும் கிடையாது” என்றார்.

மூன்றாம் நாள் அம்மா லிப்டுக்குக் காத்திராமல் படியிறங்கிச் சந்தைக்குப் போய்விட்டார். நான் அந்த மகிழ்ச்சியிலேயே கோட்டைவிட்டேன். முப்பது வருடத் தேய்மானத்தை இரண்டு இரவில் அடக்குகிற வேர் எந்தக் காட்டில் முளைக்கிறது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்னும் இரண்டு பாட்டில் வாங்கினேன்.

ஐந்தாம் மாதத்தில் முகம் நிலாவைப்போல வட்டமாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் “உடம்பு தேறிவிட்டதே” என்றார்கள், அம்மாவுக்கும் பெருமை. ஆனால் கையில் கிடந்த வளையல்கள் முழங்கைவரை வழுக்கின. வயிறும் பின்கழுத்துச் சதையும் பெருக்க, கைகால்கள் மட்டும் குச்சியாயின. தோல் வெங்காயச் சருகுபோல ஆனது. கதவு லேசாக உரசினாலே கருநீலத் தடம். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. கிளினிக்கில் ரத்தச் சர்க்கரை 13.8 மில்லிமோல் காட்டியது. அதற்கு முன் அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிரவே பாட்டிலைப் பிடுங்கிக் காரில் வைத்துப் பூட்டினேன். நல்லதென்று நினைத்து நான் செய்த பெருந்தவறு அதுதான்.

நான்காம் நாள் ஓயாத வாந்தி. எழுப்பினால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் 80/50. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்த இளம் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஜாமு, அதாவது நாட்டு மூலிகை மருந்து, ஏதாவது சாப்பிட்டாரா?” ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் ஊசி, கூடவே உப்புநீர். மாலையில் அம்மா தேநீர் கேட்டார்.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசோல் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கின்றன. காலையில் மிகுதி, நள்ளிரவில் சொற்பம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்துவிடாமல் தாங்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. காய்ச்சலோ அறுவையோ வந்தால் சுரப்பு பலமடங்கு ஏறவேண்டும். அதற்குக் கட்டளையிடுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி. வெளியிலிருந்து அதே வகை ஸ்டீராய்டைத் தினமும் கொட்டிக்கொண்டே இருந்தால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். மாதக்கணக்கில் வேலையற்ற சுரப்பி சுருங்கிப்போகும். பிறகு மாத்திரையைச் சட்டென்று பிடுங்கினால் உடம்புக்கு வெளியிலிருந்தும் கிடைக்காது, உள்ளிருந்தும் கிடைக்காது.

அம்மாவின் முகம் ஸ்டீராய்டு மிஞ்சிப்போனதைச் சொன்னது. ரத்தமோ நேர்மாறாகச் சொன்னது: காலைக் கார்டிசோல் 31 நானோமோல். நூறுக்குக் கீழே இருந்தாலே சுரப்பி தூங்குகிறது என்றுதான் பொருளாம். காரில் கிடந்த பாட்டிலை ஆய்வுக்குக் கொடுத்தோம். வந்த பதில் டெக்ஸாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு. அதில் முக்கால் மில்லிகிராம், 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனுக்குச் சமம். ஆகவே மிளகளவு உருண்டைக்குள் ஒளித்துவைப்பது பெரிய வித்தையல்ல.

மருந்தின்மேல் எனக்குக் கோபமில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் அந்த ஆய்வுக்கு நோபல் பரிசே கிடைத்தது. எங்கள் வீட்டில் நடந்த அற்புதமும் அதே அற்புதம்தான். டாக்டர் அளவு பார்த்து, நாள் குறித்து, படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கவேண்டியதை வேர் என்று சொல்லி விற்றது அயோக்கியத்தனம்.

பாட்டிலில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் அரசு மருந்துப் பதிவு எண்ணும் இருந்தது, அதையும் நம்பினேன். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தளத்தில் பிறகு தேடினால், அந்த எண்ணுக்கு வேறொரு பொருளின் பெயர் வருகிறது. வாங்குவதற்கு முன் தேடியிருந்தால் இரண்டு நிமிட வேலை. எண் சரியாக இருந்தாலும் அதுவே முழு உத்தரவாதமும் ஆகாது. முறையாகப் பதிவான பாரம்பரிய மருந்துகளிலும் டெக்ஸாமெத்தசோன் பிடிபட்டுப் பதிவு ரத்தானதுண்டு.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஓர் உருண்டையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து என்னைப்போல் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள். ஆளையும் பாட்டிலையும் சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோங்கள். குப்பையில் போட்டுவிட்டால் எதைக் கொடுத்து ஆய்வு செய்வது?

எட்டு மாதமாகிறது. அம்மா இப்போதும் காலையில் 10, மதியம் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் எடுக்கிறார். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியெடுத்தால் ஊசிக்கு ஓட வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர் என்ற அட்டை அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடக்கிறது. சுரப்பி எப்போது விழிக்கும் என்று அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அந்த அக்காவைச் சென்ற மாதம் கோயில் வாசலில் பார்த்தேன். கேட்டதற்குத் தயங்காமல் பதில் சொன்னார்: “சாப்பிட்டவரை நன்றாகத்தானே இருந்தார்? நீங்கள் நிறுத்தினீர்கள், படுத்துவிட்டார்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

“அவள் சொல்வதும் சரிதானே?” என்றார்.