கருத்தரங்கப் படவில்லைகள்: பவர்பாயிண்ட்டா, பிடிஎஃப்பா, எச்டிஎம்எல்லா?

கருத்தரங்க ஏற்பாட்டாளர்கள் படவில்லைகளைப் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகவே கேட்டு வாங்குகிறார்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்துருவும் பக்க அமைப்பும் குலையாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கண்ணால் படிப்பவருக்கு அது சரியே. என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களின் வழியே காதால் படிக்கும் பார்வை மாற்றுத்திறனாளிக்கோ, வழக்கமாகப் பகிரப்படும் பவர்பாயிண்ட், பிடிஎஃப், எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்) என்ற மூன்று வடிவங்களில் பிடிஎஃப்தான் கடைசித் தேர்வு என்பேன்.

பிடிஎஃப்பைச் செம்மையாக உருவாக்கவே முடியாது என்பதில்லை. அதற்கென்றே பிடிஎஃப்/யூஏ என்ற ஐஎஸ்ஓ தரம் 2012 முதல் இருக்கிறது. தலைப்பு, பத்தி, அட்டவணை ஆகியவை இன்னின்னவை என்று கோப்புக்குள் குறியிட்டிருந்தால் திரைவாசிப்பான் அவற்றைப் பிரித்தறிந்து படிக்கும். ஆனால் 'அச்சிடு' வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் அந்தக் குறிகள் பொதுவாக உதிர்ந்துவிடுகின்றன. பவர்பாயிண்ட்டின் சேமிக்கும் வசதி வழியாக எடுத்தால்தான் தங்குகின்றன. தமிழுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் வரையப்பட்டாலும், எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் பதிவாகிறது. பல பிடிஎஃப் கோப்புகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே வைத்திருப்பதால், 'கொடி' என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால், கொம்பு தனியே முன்னால் நிற்க, பின்னால் 'காடி' வந்து விழுகிறது. திரைவாசிப்பானுக்குக் கிடைப்பதும் அதே குலைந்த எழுத்துக்கோவைதான்.

பவர்பாயிண்ட் மூலக் கோப்பில் இந்தச் சிக்கல் எழுவதில்லை, யுனிகோடில் தட்டச்சு செய்திருந்தால். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யுனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாதவர்கள் இருக்கிறார்கள். அதில் 'தமிழ்' என்று திரையில் தெரிவதற்கு அடியில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. மூலக் கோப்பிலும் செய்ய வேண்டிய வேலை உண்டு: ஒவ்வொரு படவில்லைக்கும் தனித் தலைப்பு வேண்டும், பெட்டிகளின் வாசிப்பு வரிசையைச் சரிபார்க்க வேண்டும், படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விவரிப்பு, எழுத வேண்டும். மாற்று உரையில் 'பட்டை வரைபடம்' என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. எந்தப் பட்டை உயர்ந்தது, எப்போது உயர்ந்தது என்று எழுதினால்தான் வரைபடம் சொல்ல வந்தது கேட்பவருக்குச் சேரும். மூலக் கோப்பைக் கொடுத்தால் பிறர் எடுத்தாண்டுவிடுவார்கள் என்று தயங்குபவர்கள் உண்டு. பிடிஎஃப்பிலிருந்து எடுத்தாள்வது மட்டும் என்ன கடினமோ தெரியவில்லை.

எச்டிஎம்எல் மூன்றிலும் சிறந்தது. என்விடிஏவில் ஹெச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும், முறையாக அமைத்த பக்கத்தில் வரிகள் திரை அகலத்துக்குள் மடிந்துகொள்வதால் குறைபார்வை உள்ளவர் ஒவ்வொரு வரிக்கும் இடம் வலமாக நகர்த்த வேண்டியதில்லை. ஆனால் அதை உருவாக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் வேண்டும். பல துறைக் கருத்தரங்குகளில் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை.

நிற வேறுபாட்டைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றே: இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையின் ஏஏ என்ற நடுநிலைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற ஒளிர்வு விகிதமாவது இருக்க வேண்டும்.

ஆகவே, யுனிகோடில் அமைந்த பவர்பாயிண்ட் கோப்பை அமர்வுக்கு முந்தைய நாளே பங்கேற்பாளர்களுக்கு அனுப்பிவிடுவதும், ஆள் கிடைத்தால் கருத்தரங்குக்குப் பிறகு அதையே எச்டிஎம்எல்லாக இணையத்தில் ஏற்றுவதும், பிடிஎஃப்பை அச்சுப்படி கேட்பவர்களுக்கு மட்டும் கொடுப்பதுமே நடைமுறைக்கு ஒத்துவரும்.