நெல்லையிலிருந்து சென்னைக்குப் பறக்க வாகைக்குளமா, மதுரையா?

திருநெல்வேலியில் இருந்து விமானத்தில் சென்னை செல்ல விரும்புபவருக்கு அருகில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம், மற்றொன்று மதுரை. நான் வாகைக்குளத்தையே தேர்ந்துகொண்டேன். கேட்பவர்களுக்கும் அதையே சொல்லி வருகிறேன்.

மதுரையின் சிறப்புகள் பலரும் அறிந்தவை. அங்கே விமானங்கள் அதிகம்; ஒன்று ரத்தானாலும் அடுத்ததைப் பிடிக்க வாய்ப்புண்டு. சென்னையிலிருந்து வான்வழித் தொலைவும் குறைவுதான்: மதுரைக்குச் சுமார் 420 கி.மீ., தூத்துக்குடிக்குச் சுமார் 530 கி.மீ. ஆகவே பறக்கும் நேரம் மதுரைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி, தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி அல்லது சற்றே கூடுதல் என்று கால அட்டவணை காட்டும். இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுப்பவர் மதுரைப் பக்கம் சாய்வது இயல்பே.

ஆனால் நெல்லைக்காரருக்கு முடிவைத் தீர்மானிப்பது வானம் அல்ல, சாலை. வாகைக்குளம் நெல்லையிலிருந்து சுமார் 30 கி.மீ.; முக்கால் மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். மதுரை விமான நிலையமோ ஏறக்குறைய 150 கி.மீ. தொலைவில் இருப்பதால், கயத்தாறு, எட்டூர்வட்டம் சுங்கச்சாவடிகளைக் கடந்து போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். நீண்ட சாலையில் எது நேரும் என்று தெரியாததால், இன்னும் அரை மணி முன்னதாகவே புறப்பட வேண்டியிருக்கும். வானில் மிச்சமாகும் 110 கி.மீ. உண்மையில் எங்கும் மறைந்துவிடுவதில்லை. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் கடந்திருக்க வேண்டிய அந்தத் தொலைவை, மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்தில் காரில் கடக்கிறோம். வானில் கால் மணி நேரத்தைச் சேமிக்க, சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவழிப்பதாகத்தான் இது முடிகிறது. வாடகைக் காரில் போனால், ஓட்டுநர் வெறுங்காராகத் திரும்பும் 150 கி.மீ.க்கும் நாமே கட்டணம் கொடுக்க நேரும்.

வாகைக்குளத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அதன் ஓடுதளம் நெடுங்காலம் 1,350 மீட்டராகவே இருந்ததால், எழுபது பேர் அளவில் அமரும், புரொப்பெல்லர் கொண்ட ஏடிஆர் விமானங்களே அங்கு வந்து போயின. அவை ஜெட் விமானங்களைவிட வேகம் குறைந்தவை. தாழ்வாகப் பறப்பதால் மேகமூட்டத்தில் குலுக்கலும் சற்று அதிகம். நான் பெரும்பாலும் காலையிலேயே பயணம் செய்பவன் என்பதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்து மாலைப் பயணத்தைப் பற்றி அனுபவத்தோடு பேச இயலாது. வல்லநாடு தாமிரபரணிப் பாலத்தில் பழுதுபார்ப்பு நடக்கும் நாட்களில் மட்டும் அரை மணி முன்னதாகக் கிளம்புவது நல்லது.

சாத்தூருக்கு வடக்கே இருப்பவர்களுக்கும், கொழும்புக்கோ துபாய்க்கோ நேரடியாகப் பறக்க விரும்புபவர்களுக்கும் மதுரையே பொருத்தம். மற்றபடி, வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டு, ஓடுதளமும் 3,000 மீட்டருக்கு மேல் நீட்டிக்கப்பட்டுவிட்ட நிலையில், சென்னைத் தடத்தில் ஜெட் விமானங்கள் முழுமையாக இயங்கினால், மதுரைக்கு இருக்கும் அந்தக் கால் மணி நேர அனுகூலமும் பெரும்பாலும் கரைந்துவிடும்.