மூக்குத்தி போட்ட முகத்துக்கு ஷீட் மாஸ்க்: மூன்று குளிர்காலம் கழித்து

போன வாரம் சித்தி மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பத்து நியாசினமைட் ஷீட் மாஸ்க் உள்ள பெட்டி, விலை பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. ஷீட் மாஸ்க் என்பது சீரத்தில் ஊறவைத்த, முகத்தில் ஒட்டிக்கொள்ளும் தாள். நியாசினமைட் என்பது அந்தச் சீரத்தில் கலந்திருக்கும் பி3 வைட்டமின் வகை. "அக்கா, நீ போடுறது இதுதானே? வாங்கட்டுமா? கலர் வருமா?" என்று கேட்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்து என் மூக்கு வீங்கியிருந்தது. வீக்கத்துக்குக் காரணமும் இந்த மாஸ்க்தான். கோபத்தில் பதில் எழுத வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தக் கோபம் இப்போதும் முழுதாக ஆறவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கொரியாவில் சுவோனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. இங்கே வீடுகளில் தரைக்கு அடியில் சூடேற்றுவார்கள், ஒண்டோல் என்று பெயர். காலுக்கு இதம், ஆனால் அறைக் காற்று காய்ந்துபோகும். எனக்குக் கன்னத்தில் தோல் உரியும், அதே நேரத்தில் மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வழியும். ஆபீசில் கூட இருக்கும் பெண்கள் ஷீட் மாஸ்க்கை 'பேக்' என்பார்கள், தினம் ஒன்று போடுகிறவர்களும் உண்டு. நான் வாரத்துக்கு இரண்டு, குளிர் கடுமையானால் மூன்று. முகம் கழுவி, டோனர் தடவி, மாஸ்க் 15 நிமிடம், அதற்கு மேல் கிரீம். தாள் காயும்வரை விட்டால் கொடுத்த ஈரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒருமுறை போட்டபடியே தூங்கிவிட்டு, விடிந்ததும் முகம் இறுகிக் கிடந்தபோதுதான் அது புரிந்தது.

பலன் இல்லை என்று சொல்லவே மாட்டேன். முதலில் குறைந்தது எண்ணெய். மூன்றாவது மாத வாக்கில், தாடையோரம் பரு வந்துபோன இடத்தில் இருந்த கறுப்பு மங்கத் தொடங்கியது. பத்து வருடமாகக் கண்ணாடியில் நான் முதலில் பார்த்த இடம் அது. ஒரு நாள் காலையில் அதைப் பார்க்க மறந்து கிளம்பியிருக்கிறேன் என்பது மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு இந்த மாஸ்க்குக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சரி, கலர் வருமா? வராது. இங்கே பெட்டியில் 'மிபேக்' என்று அச்சிட்டிருப்பார்கள், வெண்மை அழகு என்று பொருள். அதற்காகக் கொரிய அரசு பட்டியலிட்டிருக்கும் பொருட்களில் நியாசினமைட்டும் ஒன்று, அளவு 2 முதல் 5 சதவீதம். ஆனால் அது தோலை வெளுப்பதில்லை. நிறமியை உண்டாக்கும் செல்கள் அதை மேலே இருக்கும் செல்களுக்குக் கைமாற்றிவிடும் வேலையைத்தான் குறைக்கிறது. அதனால் பரு விட்டுப்போன கறுப்பு மங்கும், நீ பிறந்த நிறம் அப்படியே இருக்கும். அந்த நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

இனி மூக்கு. எனக்கு வலது பக்கம் ஒற்றைக்கல் மூக்குத்தி. பாட்டி போட்டுவிட்டது, கழற்ற மனம் வந்ததில்லை. நான் வாங்கிய எந்தத் தாளும் அந்த இடத்தில் படிந்ததே கிடையாது. கல் தூக்கிப்பிடிக்க, சுற்றிலும் காற்று நிற்கும். எனக்குக் கறுப்பு அதிகம் இருப்பதோ மூக்கோரத்தில். கன்னம், தாடையெல்லாம் தெளிந்த பிறகும் அந்த ஓரம் மட்டும் அப்படியே நிற்கிறது. கத்தரியால் வெட்டிப் பார்த்தேன், வெட்டிய இடம் வெறுமனே கிடந்தது. ஹைட்ரோஜெல் வகையில் நூல் இல்லை, சிக்காது, ஆனால் கல்லின் மேலிருந்து வழுக்கி உதட்டுக்கு வந்துவிடுகிறது. போன வாரம் பழைய பருத்தித் தாளை உரித்தபோது ஒரு நூல் கல்லின் கொக்கியில் மாட்டிக்கொண்டு மூக்கையே இழுத்தது. ரத்தம் வந்தது, மூன்று நாள் வீக்கம். மூன்று வருடமாகப் பொறுத்துப்போன எரிச்சல் அன்றைக்குத்தான் பொங்கியது.

இத்தனைக்கும் வேலை செய்வது நியாசினமைட், தாள் இல்லை. தாள் தருவது 15 நிமிட ஈரமும் ஓய்வும். இந்த ஊர்க் குளிரில் அது பெரிய விஷயம். திருநெல்வேலியில் இருக்கும் அவளுக்கு எதற்கு? உறையில் கிட்டத்தட்ட 25 மில்லி ஊற்றி வைத்திருக்கிறார்கள், பாதி கழுத்துக்கும் கைக்கும்தான் போகிறது.

அதனால் என் பதில்: மாஸ்க் வாங்காதே. அவளுக்கும் மூக்குத்தி உண்டு. 5 சதவீத நியாசினமைட் சீரம் ஒரு பாட்டில் போதும், விரல் நுனியால் கல்லைச் சுற்றித் தடவலாம். வாங்கும்முன் பின்பக்கம் பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும். பட்டியலில் அதிகம் இருப்பது முதலில் வரும். கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஃபினாக்ஸி எத்தனால் 1 சதவீதத்துக்கு மேல் இருக்காது. அதற்குப் பிறகு நியாசினமைட் வந்தால் அதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது, முன்பக்கம் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் விட்டுவிடலாம். சிலருக்குச் சிவந்து எரியும், அதனால் முதலில் தாடை ஓரத்தில் இரண்டு நாள் தடவிப் பார்க்கட்டும். அப்புறம் பகலில் சன்ஸ்கிரீன். அந்த வெயிலில் அது இல்லாமல் போனால் மங்கிய கறுப்பு திரும்ப வந்துவிடும்.

என்னிடம் மிச்சம் இருந்த ஆறு உறையையும் பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். சீரம் வந்து நான்கு நாளாகிறது. வீக்கம் வடிந்ததும் முதல் சொட்டை மூக்கோரத்தில் வைத்தேன்.