‘பீட்டா சக்தி அளக்கும்’ என்று வந்த கைகர் கருவி

பெட்டியில் ‘பீட்டா சக்தி அளக்கும்’ என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தபடியால்தான் கதிர்வீச்சைக் காட்டுகிற இந்தக் கைகர் கருவியை 14,500 ரூபா கொடுத்து ஒன்லைனில் எடுப்பித்தேன். யாழ்ப்பாணம் வந்து சேரப் பன்னிரண்டு நாள். உயர்தரப் பெடியளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன், கருப்பிளவு (அணுக்கரு பிளவது) பற்றிய பாடம் வரும்போது கையில் காட்ட ஏதாவது வேண்டும் என்று கனகாலமாக ஆசை.

சரி, நேரே சொல்கிறேன்: இது எண்ணும், அளக்காது. பீட்டா என்பது தேய்கிற அணுக்கருவிலிருந்து வெளிவருகிற இலத்திரன். உள்ளே இருப்பது சாதாரண கைகர் குழாய், துணிக்கை ஒன்று புகுந்தால் ஒரு ‘டிக்’ அடிக்கும், அவ்வளவுதான். பூனைநடை போட்டு வந்த இலத்திரனுக்கும் பாய்ந்து வந்ததற்கும் அதே ஒரு ‘டிக்’தான்.

உரக்கடையில் ஒரு கிலோ எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்டு) பசளை வாங்கிப் பொலித்தீன் பையோடு குழாயில் ஒட்டி வைத்தேன், ஒவ்வொரு தரமும் பத்து நிமிடம். வெறுமனே நிமிடத்துக்கு 23 ‘டிக்’, பையோடு 51. பசளைப் பொட்டாசியத்தில் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிற, கதிர்வீசும் பொட்டாசியம்-40 இன் வேலை. சமையலறை அலுமினியத் தாளை நாலு தரம் மடித்தால் 16 படை, அதை இடையில் செருக 35க்கு இறங்கியது. ஜன்னல் அடிக்கிற கடையில் கெஞ்சி வாங்கிய 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டுக்குப் பிறகு 24. பொட்டாசியம்-40 இன் பீட்டாவுக்கு உச்ச சக்தி 1.31 மெகா இலத்திரன்வோல்ற்று (கருக்களின் சக்தியைச் சொல்கிற அலகு), அதை முழுதாக மறிக்கக் கணக்குப்படி 2 மில்லிமீற்றராவது வேண்டும். ஆனால் உச்சத்துக்குக் கிட்ட வருகிற இலத்திரன்கள் அவ்வளவு சொற்பம், இந்தக் குழாய்க்கு அகப்படவே இல்லை.

பசளையிலேயே இந்தப் பாடு என்றால் கருப்பிளவில் பிறக்கிற, நியூத்திரன் கூடிப்போன கருக்களை யோசித்துப் பாருங்கள். அப்படியான ஒன்றான ருபீடியம்-92 இன் அரைவாழ்வுக் காலம் (பாதி தேய எடுக்கும் நேரம்) நாலரை செக்கன், தேய்வில் வெளிவருவது கிட்டத்தட்ட 8 மெகா இலத்திரன்வோல்ற்று, அதிலும் இலத்திரனோடு சேர்ந்து வெளிவருகிற, கருவிக்கு அகப்படாத எதிர்நியூத்திரினோ என்ற துணிக்கை ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு அளவில் பங்கு பிடுங்கிக்கொண்டு போகும், மிச்சம்தான் இலத்திரனுக்கு. அதனால்தான் பின்லாந்தின் யுவாஸ்கூலாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இலத்திரனைத் துரத்தாமல், தாய் அணுவையும் (தேய முன்) மகள் அணுவையும் (தேய்ந்த பின்) பெனிங் பொறியில், அதாவது மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் மிதக்க வைக்கும் கருவியில், பிடித்துத் திணிவை அளந்து, வித்தியாசத்தைச் சக்தியாக மாற்றிக்கொள்கிறார்கள். அந்த வேலையை 14,500 ரூபாப் பெட்டி செய்யும் என்று நம்பிய என்னைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

எண்ணுகிற கருவியாக எடுத்தால் பழுதில்லை. பெடியள் அந்தச் சத்தத்தைக் கேட்டு வாய் பிளந்தார்கள். விற்றவருக்குப் பெட்டி எழுத்தைப் பற்றி இரண்டு தரம் எழுதினேன், ‘நன்றி’ என்று மட்டும் பதில். பற்றரி மூடி இரண்டாம் கிழமையே உடைந்தது, இப்போது றப்பர் பாண்ட்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஐந்துக்கு இரண்டரை.