எடமாமேயா, கடலையா, அவிச்ச கச்சானா? பின்னேரத் தேத்தண்ணிக்கு எது தோது

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த தம்பி, ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் கட்டியோடு இரண்டு பக்கெற் எடமாமே கொண்டுவந்தான். விடியற்காலை கோண்டாவிலில் இறங்கும்போது ஒன்று கல்லாய் இருந்தது, மற்றது பாதி இளகிவிட்டது. இளகியதைத் திரும்ப உறைய வைக்க மனம் வரவில்லை. அன்று பின்னேரமே அவித்து, கோதோடு ஒரு கோப்பையில் போட்டு வைத்தேன்.

மாமா ஒன்றை எடுத்து அப்படியே வாயில் போட்டார். கொஞ்ச நேரம் சப்பிவிட்டு, "பிள்ளை, இது முருங்கைக்காய் மாதிரியோ? சக்கையைத் துப்பிறதோ?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பார்வைக்கு அது மயிர் முளைத்த குட்டி அவரைக்காய். உண்மையில் அது சோயாதான். முற்றிக் காயமுன், பச்சையாய்ப் பிடுங்கிய சோயா. ஜப்பான் மொழியில் எட என்றால் கிளை, மாமே என்றால் அவரை, பயறு வகை. கோதைத் தின்பதில்லை. உதட்டில் வைத்து நசுக்கினால் உள்ளே இருக்கும் இரண்டு மூன்று பருப்பு வாய்க்குள் வந்து விழும். அங்கே பியருக்குக் கொறிக்கிறார்கள், நாங்கள் தேத்தண்ணிக்கு.

மற்ற பக்கெற்றில் பாதி முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டு வழக்கமான தீன்களோடு அதை வைத்துப் பார்த்தேன். கெதியாய்ச் செய்ய வேண்டும், உப்பும் உறைப்பும் இருக்க வேண்டும், பொரிக்கக் கூடாது. இந்த மூன்றும்தான் என் கணக்கு.

கெதி என்று பார்த்தால் கடலை ஓடவே முடியாது. கடலைக்கு முதல் நாள் இரவே யோசித்திருக்க வேண்டும். எட்டு மணித்தியாலமாவது ஊற வேண்டும், அதற்குப் பிறகு குக்கர், அதற்குப் பிறகு தாளிதம். மறந்துபோய்க் காலையில் சுடுதண்ணியில் போட்டு, அப்பச்சோடாவும் தூவி அவசரப்படுத்தியிருக்கிறேன். தோல் கழன்று களியாகி, அது சுண்டலாகவும் இல்லை, துவையலாகவும் இல்லை. எடமாமே அப்படியில்லை. உறைய வைக்கமுன் அனேகமாக ஒருதரம் அவித்துத்தான் வருகிறது. கொதிக்கிற தண்ணியில் நாலைந்து நிமிடம் போதும். கேற்றில் ஆள் கூப்பிடும்போது தண்ணியை வைத்தால், சுகம் விசாரித்து முடியமுன் கோப்பை மேசைக்கு வந்துவிடும்.

உப்பில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஜப்பானில் லீற்றர் தண்ணிக்கு 40 கிராம் அளவில் போடுகிறார்கள், அதாவது தாராளமான இரண்டு மேசைக்கரண்டி. கோதைத் தாண்டி உள்ளே போக அவ்வளவு வேண்டும். இரண்டு நுனியையும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் இன்னும் நல்லது. சில பக்கெற்றில் உப்பு முதலே சேர்ந்திருக்கும், ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வடித்த பிறகு பச்சைத் தண்ணியில் அலசக் கூடாது. மட்டைத்தட்டால் விசிறி ஆறவிடுங்கள். மேலே தூவ ஆனையிறவுக் கல்லுப்பை விரலால் நொறுக்கினால் பொருத்தமாக இருக்கும்.

இதில் நான் விட்ட பிழை ஒன்று. உறைப்பில்லாமல் எங்கள் வீட்டில் ஒன்றும் போகாது என்று, அவித்த கோதின் மேல் எங்கள் வறுத்த மிளகாய்த்தூளையும் எண்ணெயையும் பிரட்டிவிட்டேன். கோதைத்தான் எறியப் போகிறோமே! தூள் முழுக்க விரலிலும் உதட்டிலும் ஒட்டியது, பருப்பு அப்படியே சப்பென்று இருந்தது. மருமகன் உதட்டை ஊதிக்கொண்டு தண்ணிக்கு ஓடினான்.

அடுத்த நாள் பருப்பை உரித்தெடுத்து, துணியில் ஈரம் ஒற்றி, கடலை மாதிரியே தாளித்தேன். தாச்சியில் நல்லெண்ணெய், கடுகு, பிய்த்த செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் பருப்பைப் போட்டு இரண்டே நிமிடம். இறக்கித் தேசிக்காய்ப் புளி. (ஈரம் ஒற்றாவிட்டால் எண்ணெய் முகத்துக்கு வரும்.) இதுதான் எங்கள் நாக்குக்குச் சரி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: தேங்காய்ச் சொட்டு இதற்கு ஒத்துவரவில்லை. கடலை மாவுத்தன்மையானது, அதற்குச் சொட்டின் கடிப்பும் எண்ணெய்ப்பிடிப்பும் வேண்டும். எடமாமே தானே கொஞ்சம் இனிப்பு, தானே எண்ணெய்ப்பிடிப்பு. சொட்டும் சேர்ந்தால் திகட்டுகிறது.

ருசியில்? கடலைதான். தாளிதத்தின் புளியையும் உறைப்பையும் கடலை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆறினாலும் நன்றாக இருக்கும். எடமாமே சூட்டோடு தின்ன வேண்டிய சாமான். அரை மணித்தியாலம் கழிந்தால் அந்தப் பச்சை வாசம் போய்விடும்.

எடமாமேக்கு உண்மையான போட்டி கடலை இல்லை, அவித்த கச்சான். இதை நான் யோசிக்கவில்லை, மச்சாள்தான் சொன்னா. "கோதை நசுக்கி உப்புத் தண்ணியோடை பருப்பைத் தின்னுறது எங்களுக்கென்ன புதிசோ?" சரிதான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மணலில் வறுத்த கச்சானோடு திரிகிற ஆட்கள் நாங்கள், அவித்ததை மறந்துவிடுகிறோம். சந்தையில் பச்சைக் கச்சான் கிடைக்கும் நாளில் மண் போகக் கழுவி, கை நிறைய உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டுக் குக்கரில் அரை மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். கோதுக்குள் தேங்கி நிற்கிற அந்த உப்புத் தண்ணி எடமாமேயில் கிடைக்காது. வாசமும் கனம், வயிறும் நிறையும்.

நிறைவதற்குக் காரணம் கொழுப்பு. 100 கிராம் அவித்த கச்சான் பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் கொழுப்பும் 13 கிராமுக்கு மேல் புரதமும் உண்டு, சக்தி 300 கலோரிக்கு மேல். அதே அளவு எடமாமேப் பருப்பில் புரதம் ஏறக்குறைய 12 கிராம், கொழுப்பு 5 கிராம், 120 கலோரி. அவித்த கடலைக்கு 9 கிராம் புரதம், 160 கலோரி சொச்சம், நார்ச்சத்து மட்டும் எடமாமேயை விடக் கூட. சீனி வருத்தக்காரர், நிறை குறைக்கிற ஆட்கள் உள்ள வீட்டில் எடமாமேக்கு இந்த இடத்தில் ஒரு புள்ளி கூடப் போடலாம். சோயா ஒவ்வாதவர்கள் தொடவே வேண்டாம்.

பயறும் கௌபியும் நல்ல சாமான்தான். பயறு ஊறாமலே வேகும். ஆனால் அவை காலைச் சாப்பாட்டுப் பக்கம், சம்பலோடு போக வேண்டியவை. கொறிக்க இல்லை.

"சோயாதானே, காய்ந்த கொட்டையை ஊறப்போட்டால் மலிவாய் முடியுமே" என்று யாரும் கேட்டால், செய்து பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்கிறேன். முற்றிய கொட்டை வேறு பிறவி. குக்கரில் நுரை பொங்கியது, மேலே தோல் மிதந்தது, குசினி முழுக்க ஒரு பச்சை வெடில். வேகாத சோயா நசுங்கும்போது அதிலுள்ள நொதி கொழுப்போடு சேர்ந்து கிளப்புகிற மணம் அது. கொதிதண்ணியில் நேரே போட்டால் குறையும் என்றாலும், எடமாமேயின் இனிப்பு அதில் வராது.

இனிக் காசு. கடலை எந்தப் பெட்டிக்கடையிலும் உண்டு, ரின்னில் வருசக்கணக்காய்க் கிடக்கும். எடமாமேக்கு பெரிய கடைக் குளிர்பெட்டியைத் தேட வேண்டும், விலையும் கடலையை விடக் கூட. அதோடு வீட்டுப் பிறிஜ் ஒழுங்காக ஓட வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகிற வீட்டில் அது வீண் செலவு.

என் வீட்டில் இப்போது ஒழுங்கு இப்படி: வெள்ளிக்கிழமைக்கு வியாழன் இரவே கடலை ஊறும். பச்சைக் கச்சான் கண்டால் வேறொன்றும் பார்ப்பதில்லை. சொல்லாமல் வரும் ஆட்களுக்கென்று எடமாமேயில் ஒரு அரைப் பக்கெற் மிச்சம் கிடக்கிறது. மாமா வந்தால் மட்டும் உரித்துத்தான் வைப்பேன்.